மைதானம் யாருடையது

விளையாட்டைப் பற்றிய எழுத்து என்றால் நமக்கு இரண்டு வகைதான் தெரியும். ஒன்று ஸ்கோர், மற்றது கண்ணீர். வாரன் செயின்ட் ஜான் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரின் 'அவுட்காஸ்ட்ஸ் யுனைடெட்' (2009) இரண்டாவது வகையில் விழுந்திருக்க வேண்டிய புத்தகம். பெரும்பகுதி விழாமல் தப்பியிருக்கிறது. எதனால் தப்பியது, எங்கே தப்பவில்லை என்பதுதான் என் அக்கறை.

அட்லாண்டாவுக்குப் பக்கத்தில் கிளார்க்ஸ்டன் என்று, அப்போது ஏழாயிரம் பேர் வசித்த சிற்றூர். வெள்ளையர் காலி செய்துவிட்டுப் போன அடுக்குமாடி வீடுகளில் போஸ்னியா, லைபீரியா, சூடான், காங்கோ என்று பல யுத்தங்களிலிருந்து தப்பி வந்தவர்களைக் குடியேற்றினார்கள். ஊரையும் கேட்கவில்லை, வந்தவர்களையும் கேட்கவில்லை. ஜோர்டானிலிருந்து படிக்க வந்து தங்கிவிட்ட லூமா முஃப்லே 2004-ல் அந்தப் பையன்களுக்கு ஒரு கால்பந்து அணி அமைத்தார். பெயர் ஃப்யூஜீஸ். 'ரெஃப்யூஜீஸ்' என்பதில் முதலெழுத்தை உதிர்த்த சொல். நம் 'அகதி'யில் முதலெழுத்தை உதிர்த்தால் மிஞ்சுவது கதி.

ஊர்ப் பூங்காவில் பேஸ்பால் மட்டும்தான் ஆடலாம் என்றார் மேயர். பையன்கள் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், கோல் கம்பம் இல்லாத சரளை நிலத்தில் ஆடினார்கள். புத்தகத்தின் சிறந்த பக்கங்கள் வெற்றிகளைச் சொல்பவை அல்ல. முடி வெட்டிக்கொள்ள மறுத்துப் பையன்கள் அணியை விட்டுப் போகிறார்கள். லூமா ஒரு கட்டத்தில் பதினைந்து வயதுக்குட்பட்டோர் அணியையே கலைத்துவிடுகிறார். அவருடைய கடுமையை ஆசிரியர் மறைக்கவில்லை, நியாயப்படுத்தவும் இல்லை. பார்த்ததை எழுதுகிறார். கண்ணீரிலிருந்து புத்தகத்தைக் காப்பாற்றியது இதுதான்.

தப்பாத இடம் வேறு. ஊர் மெல்ல மனம் மாறுகிறது என்ற ஆறுதலை நோக்கியே எல்லாம் நகர்கிறது. முடித்ததும் வாசகன் தன்னை லூமாவின் பக்கத்தில் நிறுத்திக்கொள்கிறான். மேயரின் பக்கத்தில் நிற்க ஒருவனும் இல்லை. நானும் நிற்கவில்லை, ஒரு பஸ் பயணம் வரை.

தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் போகிற பஸ். பெரும்பாக்கம் பக்கம் ஏழெட்டுப் பையன்கள் ஏறினார்கள். ஒருவன் கையில் பந்து. காலில் செருப்புகூட இல்லாதவர்கள் இரண்டு பேர். நான் என் பையை மடிக்கு இழுத்துக்கொண்டேன். கை தானாகச் செய்த காரியம். பக்கத்தில் வந்து நின்ற பையன் அதைப் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் தள்ளிப் போய் நின்றுகொண்டான். பையில் இருந்தது இந்தப் புத்தகம்.

பெரும்பாக்கத்திலும் கண்ணகி நகரிலும் இருப்பவர்கள் எந்தக் கடலையும் தாண்டி வந்தவர்கள் அல்ல. கூவம், அடையாறு கரைகளிலிருந்து கொண்டுவந்து இறக்கப்பட்டவர்கள். கண்ணகி நகர் 2000-ல் தொடங்கியது. 2021-ல் குடிசை மாற்று வாரியம் 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' ஆயிற்று. அதே ஆண்டில் ஈழத்தமிழர் அகதி முகாம்கள் 'மறுவாழ்வு முகாம்' ஆயின. பெயர் மாற்றம் அற்ப விஷயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 'எங்கே இருக்கிறாய்?' என்று வேலை கொடுப்பவன் கேட்கும்போது சொல்லவேண்டியது பழைய விலாசம்தான்.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அணியில் கண்ணகி நகர் கார்த்திகா. பாராட்டும் பரிசும் வந்தன, வரவேண்டியவைதான். கூடவே ஒரு வியப்பும் வந்தது: 'அந்த இடத்திலிருந்தா!' அந்த வியப்பு பழைய வசையின் மறுபக்கம். ஒருத்தி ஜெயித்ததும், மற்றவர்களை அங்கே கொண்டுபோய் இறக்கியது யார் என்ற கேள்வி அமுங்கிவிடுகிறது.

நம் எழுத்தாளர்களிடம் நான் எதிர்பார்ப்பது கார்த்திகாவின் வெற்றிக் கதையை அல்ல. அதைப் பத்திரிகைகள் எழுதிவிட்டன. தோற்று, பந்தைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுகிற பையன்களை யாராவது எழுதட்டும். எழுதும்போது, பையை மடிக்கு இழுத்துக்கொண்டவனையும் அதே நிதானத்தோடு எழுதட்டும். அவனை நான் அறிவேன்.