கேட்க வேண்டியவரிடம் மட்டும் கேட்கும் படிவம்

ரத்த தான முகாமுக்கான ஆன்லைன் பதிவுப் படிவங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி வருகின்றன. திறந்து பார்த்தால் பெரும்பாலும் ஒரே நீளப் பட்டியல்தான். ‘கர்ப்பமாக இருக்கிறீர்களா?’ என்ற கேள்வி ஆண்களின் திரையிலும் நிற்கிறது. ‘இதுவரை ரத்தம் கொடுத்ததில்லை’ என்று சொன்னவரிடமே அடுத்த வரியில் ‘கடைசியாகக் கொடுத்த தேதி’ கட்டாயமாகக் கேட்கப்படுகிறது. அவரும் வாய்க்கு வந்த ஒரு தேதியைப் போட்டுவிட்டு நகர்கிறார். அந்தத் தேதி மற்றவர்களின் உண்மையான தேதிகளோடு கலந்துவிட்டால் பிறகு பிரித்தெடுப்பது கூடுதல் வேலை.

இதற்கான தீர்வு இலவசப் படிவச் செயலிகளிலேயே இருக்கிறது. சொன்ன பதிலைப் பார்த்து அடுத்த கேள்வியை மாற்றும் வசதி அது. ‘கண்டிஷனல் பிராஞ்சிங்’, ‘ஸ்கிப் லாஜிக்’ என்று செயலிக்குச் செயலி பெயர் மாறும். காகிதத்தில் ‘இல்லை எனில் 14-ஆம் கேள்விக்குச் செல்லவும்’ என்று அச்சிட்டிருந்ததைத் திரையில் கணினியே செய்துவிடுகிறது. தேசியக் குடும்ப நல ஆய்வு போன்ற பெரிய கணக்கெடுப்புகளின் காகிதக் கேள்வித்தாளில் வலது ஓரத்தில் இந்தத் தாவலுக்கென்றே ஒரு பத்தி உண்டு. அந்த ஆய்வின் 2015-16 சுற்றில் கேள்விகள் கணினிக்கு மாறியபோது, அந்தப் பத்தியைப் பின்தொடரும் வேலை களப்பணியாளரின் கையை விட்டு மென்பொருளுக்குப் போனது.

இந்த வசதியைச் சோதிக்க ரத்த தானப் படிவத்தைவிடப் பொருத்தமானது கிடைப்பது அரிது. இந்திய விதிகளின்படி கொடையாளரின் வயது 18 முதல் 65 வரை இருக்க வேண்டும். எடை குறைந்தது 45 கிலோ. முழு ரத்தம் கொடுத்தால் அடுத்த முறைக்கு ஆண்கள் 90 நாளும் பெண்கள் 120 நாளும் இடைவெளி விட வேண்டும். வயதும் எடையும் எண்கள். இடைவெளியோ பாலினத்தையும் தேதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய கணக்கு. கர்ப்பம், தாய்ப்பால் பற்றிய கேள்விகள் பெண்களுக்கு மட்டும் உரியவை. எந்தச் செயலி எதுவரை தாங்கும் என்பது இந்த ஒரே படிவத்தில் தெரிந்துவிடும்.

முதலில் கூகுள் ஃபார்ம்ஸ். கேள்வியின் கீழ் வலது மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தட்டினால் ‘கோ டு செக்‌ஷன் பேஸ்டு ஆன் ஆன்சர்’ என்ற தேர்வு வரும். அதைப் போட்டதும் ஒவ்வொரு பதிலுக்கும் எதிரே ஒரு பட்டியல் திறக்கிறது. ‘ஆண்’ என்றால் இரண்டாம் பிரிவு, ‘பெண்’ என்றால் மூன்றாம் பிரிவு என்று குறித்துவிடலாம். ஒரு வரி நிரல்கூட எழுத வேண்டாம். தாண்டிப் போன பிரிவில் ‘கட்டாயம்’ என்று குறித்த கேள்விகள் இருந்தாலும் அவை யாரையும் தடுப்பதில்லை.

முதல்முறை செய்பவர்கள் தடுக்கி விழும் இடம் அதற்கடுத்து வருகிறது. ஆண்களுக்கான இரண்டாம் பிரிவை முடித்தவர் ‘அடுத்து’ என்று அழுத்தினால் எங்கே போவார்? மாற்றாமல் விட்டால் நேரே மூன்றாம் பிரிவுக்கு, அதாவது பெண்களுக்கான கேள்விகளுக்கே போய்ச் சேருவார். பிரிவுகளை வரிசையாகத் தொடர்வதுதான் அதன் இயல்புநிலை அமைப்பு. இரண்டாம் பிரிவின் அடியில் ‘ஆஃப்டர் செக்‌ஷன் 2’ என்று தொடங்கும் சிறிய பட்டியலைத் திறந்து, பொதுவான நான்காம் பிரிவுக்குத் திருப்ப வேண்டும். கண்ணில் படாத மூலையில் இருக்கும் இந்த ஒரு வரியை மறந்தால் பிரித்துப் பிரித்துக் கட்டிய கிளைகள் அத்தனையும் வீண்.

கூகுள் ஃபார்ம்ஸின் எல்லையும் சீக்கிரம் தெரிந்துவிடுகிறது. ஒரே பதிலைத் தேர்வு செய்யும் கேள்வியிலும் டிராப்டவுனிலும் மட்டுமே கிளை பிரிக்க முடியும். ‘கீழ்க்கண்டவற்றில் பொருந்துபவை எல்லாம்’ என்று கேட்கும் செக்பாக்ஸில் முடியாது. வயதை எண்ணாக எழுதச் சொன்னால் 18-க்குக் குறைவான எண்ணை ஏற்க மறுக்கச் செய்யலாம். ஆனால் அந்த இளைஞரை ‘அடுத்த ஆண்டு வாருங்கள்’ என்ற தனிப் பக்கத்துக்கு அனுப்ப முடியாது. தேதியைப் பார்த்து 90 நாளைக் கணக்கிடவும் அதற்குத் தெரியாது. வழி ஒன்றுதான்: ஆண்கள் பிரிவில் ‘கடைசியாகக் கொடுத்து 90 நாள் ஆகிவிட்டதா?’ என்றும், பெண்கள் பிரிவில் 120 நாள் என்றும் தனித்தனியே கேட்டு, ‘ஆம்’, ‘இல்லை’ என்று பதில் வாங்குவது. சிறிய முகாமுக்கு இது போதும். ஆனால் நாளை எண்ணும் பொறுப்பு கொடையாளரின் தலையில் விழுகிறது.

அந்தப் பொறுப்பைத் தானே ஏற்றுக்கொள்கிறது கோபோ டூல்பாக்ஸ். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மனிதநேய ஆய்வு மையத்தில் உருவான இதைப் பேரிடர் நிவாரணக் களங்களில் தொண்டு நிறுவனங்கள் பரவலாகப் பயன்படுத்துகின்றன. இலவசத் திட்டமும் உண்டு. இங்கே பிரிவு பிரிவாகத் தாவ வேண்டியதில்லை. ஒவ்வொரு கேள்வியின் அமைப்பிலும் ‘ஸ்கிப் லாஜிக்’ என்று ஒரு தாவல் இருக்கிறது. எப்போது இந்தக் கேள்வி தோன்ற வேண்டும் என்று அங்கே சொல்லிவிடலாம். செக்பாக்ஸ் பதிலையும் நிபந்தனையாக வைக்கலாம், எண்ணையும் வைக்கலாம். இரண்டு மூன்று நிபந்தனைகளைச் சேர்த்து, எல்லாம் பொருந்த வேண்டுமா, ஏதேனும் ஒன்று போதுமா என்றும் குறிக்கலாம்.

இன்றைய தேதியிலிருந்து கடைசியாகக் கொடுத்த தேதியைக் கழிக்கும் வாய்பாட்டை மட்டும் கையால் எழுத வேண்டியிருக்கிறது. எழுதிவிட்டால், ‘பெண்’ என்று குறித்து நூறு நாளுக்கு முந்தைய தேதியைத் தேர்ந்தெடுத்த அடுத்த நொடி ‘இன்னும் இடைவெளி முடியவில்லை’ என்ற குறிப்பு வருகிறது. பாலினத்தை ‘ஆண்’ என்று மாற்றினால் அதே தேதிக்கு அந்தக் குறிப்பு மறைந்து, எடை பற்றிய கேள்வி தோன்றுகிறது.

கோபோவின் இன்னொரு பலம் மொழி. ஒரே படிவத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வைத்து, நிரப்புபவரே மாற்றிக்கொள்ளச் செய்யலாம். பதில்கள் ஒரே பத்தியில் சேரும். கூகுளில் இதைச் செய்ய முதல் கேள்வியாக மொழியைக் கேட்டு, எல்லாப் பிரிவுகளையும் இரண்டிரண்டாக எழுத வேண்டும்; பதில்கள் சேரும் கூகுள் ஷீட்ஸிலும் பத்திகள் இரட்டிப்பாகும். இணையம் இல்லாத ஊரில் கோபோகலெக்ட் செயலியில் பதிவு செய்து, சிக்னல் கிடைத்ததும் அனுப்பிக்கொள்ளலாம். குறை என்றால் தோற்றம் வறட்சியானது; கற்றுக்கொள்ளப் பொறுமை வேண்டும்.

மற்றவற்றில் பெல்ஜியத்தின் டாலி இலவசத் திட்டத்திலேயே நிபந்தனைகளைத் தாராளமாகத் தருகிறது. பார்சிலோனாவில் பிறந்த டைப்ஃபார்ம் ஒரு திரைக்கு ஒரு கேள்வி வீதம் காட்டி, முன்பு சொன்ன பெயரை அடுத்த கேள்வியில் சேர்த்து அழைக்கிறது, பார்க்க அழகு. மைக்ரோசாஃப்ட் ஃபார்ம்ஸில் கேள்விக்குக் கேள்வி கிளை பிரிக்கலாம், ஆனால் முன்னோக்கி மட்டுமே தாவ முடியும்.

எந்தச் செயலியானாலும் பதில்கள் வந்து சேரும் பட்டியலைப் படிக்கும் முறை மாற வேண்டும். கிளை பிரித்த படிவத்தில் வெற்றுக் கட்டங்கள் நிறைய இருக்கும். கேட்டும் சொல்லாதவர், கேட்கப்படாதவர் இருவரின் கட்டமும் காலிதான். நூறு பேர் பதிவு செய்து, அவர்களில் நாற்பது பெண்களிடம் மட்டும் ஒரு கேள்வி போயிருந்தால் சதவீதத்தை நாற்பதால்தான் வகுக்க வேண்டும். கிளைக்குள் இருக்கும் கேள்விகளைக் கட்டாயமாக்கிவிட்டால் குழப்பம் பெரும்பாலும் தீரும்: காலி என்றாலே அவரிடம் கேட்கவில்லை என்று கொள்ளலாம்.

கல்லூரி விழா, குடியிருப்புச் சங்கக் கூட்டம், சிறிய முகாம் என்றால் கூகுள் ஃபார்ம்ஸ் தாராளமாகப் போதும். இரண்டு மூன்று கிளைகளுக்கு மேல் தேவைப்பட்டு, செக்பாக்ஸும் வேண்டும் என்றால் டாலி. தேதிக் கணக்கு, இரண்டு மொழி, இணையமில்லாத ஊர் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் கோபோவைக் கற்றுக்கொள்ளச் செலவிடும் நேரம் வீண்போகாது. எதைத் தேர்ந்தெடுத்தாலும், சுட்டியை அனுப்பும் முன் காகிதத்தில் பாதைகளை வரைந்துகொண்டு, ஒவ்வொரு பாதையையும் கைபேசியில் ஒருமுறை கடைசிவரை நிரப்பிப் பார்க்க வேண்டும். நடுவில் பின்னால் போய்ப் பதிலை மாற்றியும் பார்க்க வேண்டும். தகுதியில்லை என்று முடியும் பாதைகளில், எப்போது மீண்டும் வரலாம் என்ற தேதியையும் முகாம் மருத்துவரே இறுதி முடிவு சொல்வார் என்ற குறிப்பையும் சேர்ப்பது அவசியம்.