ஒற்றை வில்லனின் தலையில்

‘பராசக்தி’ படத்தைக் குறை சொல்ல வாய் திறந்தாலே பதில் தயாராக நிற்கிறது: 1965-இன் இந்தி எதிர்ப்புப் போராட்டம் என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளைகளைத் தியேட்டருக்கு வரவழைத்ததே, அது போதாதா? போதாது.

இயக்குநர் சுதா கொங்கராவின் துணிவை மறுக்கவில்லை. அறுபதுகளின் தெருவும் உடையும் நன்றாகவே வந்திருக்கின்றன. சிவகார்த்திகேயன் அளவுள்ள நட்சத்திரத்தை மொழிப்போர்க் கதைக்குள் அழைத்துவருவது சுலபமுமல்ல. என் குறை வேறு. இந்தப் படத்தோடு நிற்பதுமில்லை. நம் சினிமாவில் துப்பாக்கிச்சூடு நடந்தால் சுடுவது அரசாங்கமாக இருப்பதில்லை, ஒரு கொடூர அதிகாரிதான். இந்த முறை அந்த அதிகாரியாக ரவி மோகன். அவருக்கும் கதாநாயகனுக்கும் கணக்குத் தீர்ந்தால் வரலாறும் தீர்ந்துவிடுகிறது.

சிதம்பரத்துக்கு வாருங்கள். 1965 ஜனவரி 27, இந்தி ஆட்சிமொழியான மறுநாள். அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள் ஊர்வலம் கிளம்பினார்கள். போலீஸ் சுட்டது. சிவகங்கையிலிருந்து படிக்க வந்த ராஜேந்திரன் செத்தார். அவருடைய அப்பாவும் போலீஸ்காரர். சுட்ட காவலருக்கு அந்தப் பையன் மீது என்ன பகை இருந்திருக்கும்? அவருக்கு மேலே ஓர் அதிகாரி, அதற்கும் மேலே தென்னார்க்காட்டின் தலைநகர் கடலூரில் மாவட்ட நிர்வாகம், சென்னையில் முதல்வர் பக்தவத்சலம், டெல்லியில் பிரதமர் சாஸ்திரி. கோப்பும் கையெழுத்துமாக நகர்கிற இந்த இயந்திரத்தைக் காட்ட வில்லன் எதற்கு? வில்லன் வந்தால் மற்ற எல்லோரும் தப்பித்துவிடுகிறார்கள். திருப்பூரில் கூட்டம் இரண்டு சப்-இன்ஸ்பெக்டர்களை எரித்துக் கொன்றதற்கும் இப்படிப்பட்ட கதையில் இடம் கிடையாது.

வேறு வழி இல்லையா என்றால், இருக்கிறது. ‘சர்தார் உதம்’ படத்தில் ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்த இரவு முழுக்க உதம் சிங் ஒருவரையும் அடிப்பதில்லை. உயிர் இருக்கிற உடல்களைத் தேடித் தேடித் தள்ளுவண்டியில் ஏற்றுகிறார், அவ்வளவுதான். உதம் சிங்காக நடித்த விக்கி கௌஷலும் நட்சத்திரம்தான். நம்மூரில் அந்த இரவு சண்டைக் காட்சியாகியிருக்கும். இடைவேளையும் அங்கேதான் விட்டிருப்பார்கள்.

ரசிகர்களுக்கு இது பிடிபடாது என்பது வெறும் சாக்கு. 1967 தேர்தலில் அவர்களுடைய தாத்தா பாட்டிகளுக்கு யார் பொறுப்பு என்பது நன்றாகவே தெரிந்திருந்தது. பக்தவத்சலம் திருப்பெரும்புதூரில் தோற்றார். விருதுநகரில் காமராஜரைத் தோற்கடித்தவர் மாணவர் தலைவர் பெ. சீனிவாசன். காங்கிரஸ் அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் ஆட்சிக்குத் தலைமை ஏற்கவே இல்லை.