வாய் மூடாத பித்தளை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பர்மிங்ஹாம் பட்டறைகளில் உருவான இரட்டைக்குழல் துப்பாக்கிகளை, இரும்பும் எஃகும் முறுக்கிப் பிணைந்து வரிவரியாய் ஓடும் டமாஸ்கஸ் குழல்களின் அழகுக்காகப் போற்றி வைத்திருப்பவர்கள், இன்றைய கடைத் தோட்டாவை அவற்றில் இடலாகாது என்பதையே முதற் பாடமாகக் கற்கிறார்கள். 1813-ல் ஏற்பட்ட அவ்வூர்ப் பரிசோதனைச் சாலையில் கருமருந்துக்கு மட்டுமே சோதிக்கப்பட்டு முத்திரை பெற்ற குழல்களின்மேல் புகையற்ற மருந்தின் அழுத்தத்தைச் சுமத்துவது ஆயுதத்துக்கும் ஆளுக்கும் அபாயம். ஆகவே பித்தளைக் கூடுகளை வாங்கிக் கருமருந்தைத் தம் கையாலேயே அடைத்துக்கொள்ளும் மார்க்கத்தைப் பலர் நாடுகிறார்கள். நானும் சில வாரங்களாக அந்த மார்க்கத்தில்தான் இருக்கிறேன்.

12-ஆம் எண் கூட்டின் நீள அகலங்களை வாசகர் அறிவார். அதன் குணங்களையும் சுருக்கமாகவே சொல்லலாம். காகிதக் கூடு ஈரத்தில் உப்பும். சில பிரயோகங்களுக்குள் வாய் கருகிப் பிய்ந்துபோகும். பித்தளையோ, சுட்ட அன்றே வெந்நீரில் சோப்பிட்டுக் கழுவி உலர்த்துகிறவனுக்கு வருஷக்கணக்கில் உழைக்கும். கருமருந்து எரிந்த கசடில் பெரும்பகுதி பொட்டாசிய உப்புக்களாதலால் எண்ணெய்க்கு அசையாத கறை தண்ணீருக்கு உடனே இளகிவிடுகிறது. 3 டிராம் மருந்தும் 1⅛ அவுன்ஸ் ஈய ரவையும் கொண்ட அந்தப் பழைய ஆங்கில அளவைச் சுடும்போது, தோளை இடிக்காமல் நிதானமாகத் தள்ளும் அந்த உந்துதலும், வெண்புகையோடு எழும் கந்தக வாசனையும் எனக்கு அளவற்ற சந்தோஷம் தருகின்றன.

இவ்வளவு நற்குணங்களையும் ஒரே குறை மறைத்துவிடுகிறது: இந்தக் கூட்டுக்கு வாயை மூடிக்கொள்ளத் தெரியாது. பிளாஸ்டிக் கூட்டின் விளிம்பை மடித்துவிடலாம், காகிதத்தின் விளிம்பை உட்புறமாகச் சுருட்டிவிடலாம். பித்தளையை அப்படி மடக்கி மடக்கி நிமிர்த்தினால் சீக்கிரமே விரிசல் காணும். எனவே ரவையின்மேல் வைக்கும் அட்டைத் தக்கையை இறுக்கமும் பசையுமே தாங்கி நிற்கவேண்டும். கூட்டின் சுவர் மெல்லியது, உள்வட்டம் அகன்றது, ஆகையால் 12-ஆம் எண் தக்கை அதனுள் தொளதொளவென்று ஆடும். 11-ஆம் எண்ணையோ, இன்னும் பெரிய 10-ஆம் எண்ணையோ தேடி வாங்கித் திணிக்க வேண்டியிருக்கிறது. அப்படித் திணித்ததும் நிலைப்பதில்லை. வலக்குழலைச் சுட்டதும் இடக்குழலில் காத்திருக்கும் தோட்டா அந்த அதிர்ச்சி முழுவதையும் வாங்கிக்கொள்ளுகிறது. வலக்குழலில் மட்டும் புதுத் தோட்டா இட்டு மறுபடி சுட்டால், பாவம், அதே தோட்டா இரண்டாம் முறையும் அடிபடுகிறது. அட்டை நெகிழ்ந்து, குழலைத் தாழ்த்தும்போது ரவை பொலபொலவென்று முன்வாயில் உதிர்வதைக் கண்டிருக்கிறேன். ரவை போனால் ஒரு குறி தப்பும், அவ்வளவுதான். உள்ளே மருந்தின்மேல் அழுத்திய தக்கையும் கூடவே நகர்ந்து இடைவெளி விழுமானால் அது பழைய குழலுக்கு ஆகவே ஆகாது.

பரிகாரங்கள் பல உண்டு. தேன்மெழுகு வெயிலில் இளகுகிறது. வெள்ளைப் பசை காய ஓர் இரவு கேட்கிறது. மேலும் சுட்டபின் கூட்டின் வாயோரத்தில் தீய்ந்து ஒட்டிக்கொள்ளுவதைச் சுரண்டி எடுக்கவேண்டும். முன்னோர் கையாண்ட சோடியம் சிலிகேட் கரைசலே என் அபிப்பிராயத்தில் உத்தமமானது. அது கண்ணாடிபோல் இறுகி, சுடும்போது சுத்தமாய் நொறுங்கிப் போகிறது. ஆனால் அந்தக் கண்ணாடித் தன்மையே அதற்குச் சத்துரு. பையில் தோட்டாக்கள் ஒன்றோடொன்று மோதினாலும் கீறல் விழுகிறது.

கூட்டைக் கடைபவர்கள் வாயின் உட்புறத்தில் ஓர் ஆழமற்ற வரிப்பள்ளம் இட்டுத் தந்தால், அட்டை அதில் பொருந்தி நிற்கும். இத்தனை பிரயாசையும் மிச்சமாகும். இவ்வளவு கனமான விலை வாங்குகிறவர்கள் அந்தச் சிறு வேலையைச் செய்யாதிருப்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. தனிக்குழல் வைத்திருப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். இரட்டைக்குழல்காரர்களுக்கு நான் சொல்வது: முதலில் சுடும் வலக்குழலுக்குப் பித்தளையை இடுங்கள், காத்திருக்கும் இடக்குழலுக்கு, விளிம்பு சுருட்டிய காகிதக் கூட்டில் அதே கருமருந்தை அடைத்து இடுங்கள்.