முப்பது டிகிரி ஆட்டம்

ஜி.என்.டி. சாலையில் புழலைத் தாண்டி ஓடும் டி.என்.18 வாடகைக் கார்கள் எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றுக்கு, தயாராகும் விதமே தனி. டிங்கர் வேலை, பெயிண்ட், ஒளிரும் பட்டை, ஹாரன், வைப்பர் என்று கண்ணில் படுவதெல்லாம் புதிதாகும். ஸ்டியரிங்? "ஆட்டம் இருக்கு சார், ஆனா பாஸாயிடும்" என்பார் மெக்கானிக். சட்டப்படி அவர் சொல்வதில் தவறில்லை.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, 98ஆம் விதி: ஸ்டியரிங்கில் வெற்றாட்டம் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது, இணைப்புகளின் பால் ஜாயிண்டுகளுக்கு ரப்பர் மூடி வேண்டும், போல்ட்டும் பின்னும் கழலாதபடி பூட்டியிருக்க வேண்டும்.

அந்த 30 டிகிரியைக் கையால் அளந்து பார்ப்போம். 38 செ.மீ. விட்டமுள்ள ஸ்டியரிங்கின் விளிம்பில் அது ஏறக்குறைய 10 செ.மீ. அதே அளவு ஸ்டியரிங்குக்கு பிரிட்டனின் எம்.ஓ.டி. சோதனை, ரேக் அண்ட் பினியன் காரில் 13 மி.மீ. ஆட்டம்தான் பொறுத்துக்கொள்ளும், மற்ற வகைகளுக்கு 75 மி.மீ. வரை விடும். பாக்ஸ், நீண்ட ராடுகள், பல மூட்டுகள் கொண்ட வண்டியில் கொஞ்சம் ஆட்டம் இயல்பு என்பதால் அங்கே அளவு இரண்டு. நம் விதியிலோ எண்ணூருக்குக் கன்டெய்னர் இழுக்கும் டிரெய்லருக்கும் சின்ன டாக்ஸிக்கும் ஒரே அளவு. ரேக் காரில் 10 செ.மீ. ஆட்டம் வந்துவிட்டால் அது தேய்மானம் அல்ல, ஆபத்து.

வரிசையில் வண்டிகள் நிற்க, கருவியில்லாத பிரேக் இன்ஸ்பெக்டர் நொடியில் பார்க்கக்கூடியது இந்தக் கோணம்தான் என்று விதிக்காக வாதாடலாம். வாதம் நியாயமானதே. ஆனால் கீழ் ஆர்மின் பால் ஜாயிண்ட் மேலும் கீழுமாகத் தேய்ந்திருந்தால் ஸ்டியரிங்கில் அது தெரியவே தெரியாது. ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்ட வேண்டும். ஒருவர் பிரேக்கை மிதித்தபடி இருந்தால் ஆட்டம் பேரிங்கிலா ஜாயிண்டிலா என்பதும் பிடிபடும். பக்கவாட்டில் பிடித்து ஆட்டினால் டை ராடு எண்ட் பிடிபடும். தானியங்கி சோதனை நிலையங்களின் சைடு ஸ்லிப் பலகையும் முழு விடை அல்ல. நேற்று வீல் அலைன்மெண்ட் செய்த கார், ஜாயிண்ட் தேய்ந்திருந்தாலும் இன்று அதில் நேராக ஓடிவிடும்.

98ஆம் விதியில் மதிப்புள்ள பகுதி, பலரும் கண்டுகொள்ளாத ரப்பர் மூடிதான். மழைத் தண்ணீரும் மணலி, எண்ணூர்ப் பக்கத்து லாரிப் புழுதியும் கிழிந்த மூடி வழியாகப் புகுந்தால் கிரீஸ் மாவரைக்கும் கல்லாகிவிடும். ஆட்டம் வருமுன்பே எச்சரிக்கும் ஒரே அடையாளம் அந்தக் கிழிசல். குனிந்து பார்க்க ஒரு டார்ச் போதும்.

அந்த 30 டிகிரியைவிடப் பெரிய ஓட்டை வேறிடத்தில். மஞ்சள் பலகை காருக்கு முதல் எட்டு ஆண்டு இரண்டு ஆண்டுக்கொரு முறையும், பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. உண்டு. அதே சாலையில், அதே பள்ளத்தில் இறங்கி ஏறும் வெள்ளைப் பலகை காரை, 15 ஆண்டு கழித்து மறுபதிவு வரும் வரை யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

ஆகவே என் தீர்ப்பு: கார்களுக்கு 30 டிகிரி தகாது, ரேக் வண்டிக்குத் தனி அளவு வேண்டும். ரப்பர் மூடி கிழிந்திருந்தால், ஆட்டம் இல்லாவிட்டாலும் திருப்பி அனுப்ப வேண்டும். இரண்டில் ஒன்றுதான் இப்போது நடக்கும் என்றால் நான் இரண்டாவதையே கேட்பேன். அதற்கு விதியைத் திருத்த வேண்டியதில்லை.