துரைமார் கண்ட சயாம்

சயாமில் சில காலம் தங்கிய மேனாட்டார் ஊர் திரும்பியதும் அந்நாட்டைப் பற்றி ஒரு நூல் எழுதிவிடுவது முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் வழக்கம். பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் தூதராக 1687ஆம் ஆண்டில் அயூத்தியாவுக்கு வந்த லா லூபேர் அங்குத் தங்கியது ஏறத்தாழ மூன்று திங்களே. ஆயினும் 1691இல் இரண்டு பாகங்கள் கொண்ட பெருநூலை வெளியிட்டார். ஹாங்காங் ஆளுநராக இருந்த சர் ஜான் பௌரிங் 1855இல் ஒரு திங்களளவே பாங்காக்கில் இருந்தார். அவரும் 1857இல் இரண்டு பாகங்கள் எழுதினார். அவருக்குப் பின் ஆசிரியர்கள், பாதிரிமார், மருத்துவர், தூதரகத்தார், அவர்தம் மனைவியர் என்று எழுதினோர் வரிசை இன்னும் முடியவில்லை.

இந்நூல்களுட் பெரும்பாலானவற்றில் அலுவலகங்களைப் பற்றிய ஓர் இயல் தவறாமல் இடம்பெறுகிறது. அதன் கதையும் பெரும்பாலும் ஒன்றே. வெள்ளைக்காரர் ஒருவர் ஒரு காரியமாக அலுவலகத்துக்குப் போகிறார். அலுவலர் புன்னகை செய்து, உட்காரச் சொல்லி, தேநீர் வரவழைக்கிறார். பின்னர் நாளைக்கு வரும்படி சொல்கிறார். காரியம் மட்டும் நடப்பதில்லை. ஆசிரியர் நகைக்கிறார், நாமும் உடன் நகைக்கிறோம். ஆனால் அலுவலகத்தில் காத்துக் கிடப்பவனுக்குச் சிரிப்பு வருவது இயல்பன்று என்பதை நம்மில் காத்துக் கிடந்தவர் அறிவர். அவ்வாறாயின் இவர்களால் மட்டும் எவ்வாறு நகைக்க முடிந்தது?

விடையைப் பௌரிங் நூலைக் காட்டிலும் அவர் செய்துகொண்ட உடன்படிக்கையில் காணலாம். 1855 ஏப்ரல் 18இல் கையெழுத்தான அதன்படி, சயாமில் வாழும் பிரிட்டிஷ் குடிகள் மீது சயாம் நீதிமன்றங்களுக்கு அதிகாரம் இல்லை. குற்றம் செய்தால் விசாரிப்பவர் பிரிட்டிஷ் கான்சல். அடுத்த ஆண்டே அமெரிக்காவும் பிரான்சும் இதே உரிமையைப் பெற்றன. பிற நாடுகளும் தொடர்ந்தன. இவ்வுரிமை வெள்ளையரோடு நிற்கவில்லை. கான்சல் அலுவலகத்தில் பெயர் பதிந்த இந்தியர், பர்மியர், மலாயர் ஆகியோரும் அதே நிழலில் நின்றனர். சீன வணிகர் பலர் ஏதேனும் ஓர் ஐரோப்பிய நாட்டின் காப்புச் சீட்டைப் பெறுவதற்குப் பாடுபட்டதும் இதனாலேயே. ஆக, சயாமிய அலுவலரைப் பற்றி நகைச்சுவையுடன் எழுதிய அந்தத் தலைமுறையினர், அவ்வலுவலரின் சட்டத்துக்கு உட்படாதவர்கள். சேற்றில் இறங்காமல் கரையில் நிற்பவர்க்கு நாற்று நடுவோரின் நடை வேடிக்கையாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

அலுவலரின் புன்னகையையும் இந்த வெளிச்சத்தில் நோக்கவேண்டும். 1893இல் பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் கடல்முகத்துக் கோட்டையின் பீரங்கிகளைத் தாண்டி ஆற்றில் ஏறிவந்து பாங்காக்கின் முன் நங்கூரமிட்டதைக் கண்ட தலைமுறை அது. வந்து நிற்கும் துரைக்குப் பின்னால் ஒரு கான்சலும், கான்சலுக்குப் பின்னால் ஒரு கப்பலும் நிற்பது அலுவலருக்குத் தெரியும். அவர் 'ஆகாது' என்று சொல்லத் துணியார். 'ஆகும்' என்று சொல்லும் அதிகாரமும் அவருக்கில்லை. சிரிப்பதன்றி வேறு என்ன செய்வார்?

இந்நூலாசிரியர்களுள் நம் பகுதியோடு தொடர்புடையவர் அன்னா லியோனவன்ஸ். அவர் கணவர் 1859இல் பினாங்கில் இறந்தார். அதன்பின் சிங்கப்பூரில் சிறு பள்ளி நடத்தி, அங்கிருந்தே 1862இல் மோங்குத் மன்னரின் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கச் சென்றார். 1867இல் சயாமை விட்டு வெளியேறி 1870இல் தம் நூலை வெளியிட்டார். அதிலிருந்து 1944இல் மார்கரெட் லேண்டனின் நூலும், 1946இல் திரைப்படமும், 1951இல் இசை நாடகமும், 1956இல் மற்றொரு திரைப்படமும் தோன்றின. நாடகத்தைத் தழுவிய அந்தத் திரைப்படத்தைத் தாய்லாந்து தடை செய்தது. நீர் ஊறும் பாங்காக் மண்ணில் அன்னா வருணிக்கும் நிலவறைச் சிறைகளைத் தோண்டவே இயலாது என்று பின்னாளில் எடுத்துக்காட்டினர். தாம் வேல்சில் பிறந்ததாக அவர் சொல்லிவந்ததும் பொய். இந்தியாவின் அகமத்நகரில் பிறந்தவர் என்பதை 1976இல் பிரிஸ்டோ என்பவர் வெளிப்படுத்தினார். சேனி பிரமோஜ், குக்ரித் பிரமோஜ் என்னும் அரச குலச் சகோதரர் இருவர் 1948இலேயே மோங்குத்தின் எழுத்துகளைத் திரட்டி மறுப்பு எழுதினர். மோஃபட் என்னும் அமெரிக்கர் 1961இல் அம்மன்னரின் வரலாற்றை எழுத அது துணை செய்தது.

இவ்வளவும் சொன்ன பிறகு, அன்னாவின் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு என்பதை மறைக்கலாகாது. அரண்மனைக்குள் அடிமைகள் இருந்தது பொய்யன்று. அடிமை முறை 1874இல் தொடங்கிப் படிப்படியாகக் குறைந்து 1905இல்தான் முற்றிலும் ஒழிந்தது. அன்னாவின் குறை வேறு. தமக்கு வாக்களித்த வீடு கிடைக்கத் தாமதமான கதையையும், அடிமைப் பெண்ணின் கதையையும் ஒரே குரலில், ஒரே சினத்துடன் சொல்கிறார். முன்னது சம்பளக்காரியின் வழக்கு. பின்னது வாய்பேச இயலாதவளின் வழக்கு. இரண்டையும் 'கீழை நாட்டுக் கொடுங்கோல்' என்னும் ஒரே பையில் போட்டுவிட்டார். மன்னரவையில் நிலத்தில் விழுந்து கிடக்கும் வழக்கத்தை அவர் எழுதி மூன்றே ஆண்டுகளில், 1873இல், அவரிடம் பயின்ற சூளலங்கரண மன்னரே தடை செய்தார். அத்தகைய மாற்றம் அந்நாட்டுக்குள்ளிருந்தே எழக்கூடும் என்பதற்கான அடையாளம் எதுவும் அவர் நூலில் இல்லை.

அன்னாவை விடப் பன்மடங்கு நல்ல எழுத்தாளர் டபிள்யூ. ஏ. ஆர். உட். 1896இல் இளைஞராக வந்து, சியாங்மாயில் கான்சல் ஜெனரலாக உயர்ந்து, அந்நாட்டுப் பெண்ணை மணந்து, ஓய்வுபெற்ற பின்னும் அங்கேயே வாழ்ந்து 1970இல் மறைந்தவர். இன்று விளம்பரங்களில் அடிபடும் 'புன்னகை நாடு' என்னும் தொடர் 1935இலேயே அவர் நூலுக்குத் தலைப்பாயிற்று. சயாமில் தாம் கழித்த 69 ஆண்டுகளை 1965இல் மற்றொரு நூலாக எழுதினார். யானைகள், பேய்கள், கள்வர், பொய்ச்சாட்சிகள் என்று கதைகள் நிறைந்த நூல்கள் இவை. மொழியறிந்தவர், மக்களை நேசித்தவர் என்பது வரிதோறும் தெரிகிறது. ஆனால் ஒன்றை அவர் ஒருநாளும் அனுபவித்ததில்லை. மனு எழுதிக்கொண்டு அலுவலகத் திண்ணையில் உட்கார்ந்ததில்லை. அவரே வழக்கைக் கேட்பவர். அவர் திண்ணையில்தான் மற்றவர் உட்கார்ந்தனர். அவருடைய சயாம் இனிய சயாமாக இருப்பதற்கு அவரது நல்லுள்ளம் ஒரு காரணம். அவர் அமர்ந்த நாற்காலி மற்றொரு காரணம்.

அந்த நாற்காலிக்கு விலை கொடுத்தது யார் என்பது மலேசிய வாசகர் மறக்கக்கூடாத செய்தி. 1909 மார்ச் 10இல் பாங்காக்கில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி, பிரிட்டன் தன் குடிகள் மீதான நீதியதிகாரத்தைப் படிப்படியாகச் சயாமுக்கு விட்டுக்கொடுக்க இசைந்தது. அதற்கு ஈடாகக் கெடா, பெர்லிஸ், கிளாந்தான், திரெங்கானு ஆகிய நான்கு மாநிலங்கள் மீது தனக்கிருந்த உரிமையைச் சயாம் பிரிட்டனிடம் ஒப்படைத்தது. சுல்தான்களின் சம்மதத்தைக் கேட்டுச் செய்ததன்று அது. தெற்கே இரயில் பாதை அமைக்க நாற்பது இலட்சம் பவுன் கடனும் அதோடு சேர்ந்து வந்தது. அதுவரை மூன்றாண்டுக்கொருமுறை பாங்காக்குக்குத் தங்கப்பூ அனுப்பிவந்த கெடாவில் பின்னர் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. நம்மவர் பால் வெட்டப் போயினர். பாங்காக் அலுவலரைப் பார்த்து நகைத்தவர்களின் சட்டச் சலுகை, நம் நாட்டு வரைபடத்தையே மாற்றும் அளவுக்கு விலைபோயிற்று. ஏனைய நாடுகளின் சலுகைகள் 1920களில் திருத்தப்பட்டு, 1937–38இல்தான் எச்சமின்றி நீங்கின.

இனி இலஞ்சம் பற்றிய பேச்சு. பழைய நூல்கள் எல்லாம் இதைச் சயாமியரின் பிறவிக் குணமாகவே காட்டுகின்றன. பழைய சயாமில் மாகாண ஆளுநராவதை 'கின் முவாங்' என்றனர். நேர்பொருளில் 'ஊரைத் தின்பது'. ஆளுநருக்கு அரசு சம்பளம் தருவதில்லை. வரியிலும் கட்டணத்திலும் ஒரு பங்கை அவர் எடுத்துக்கொண்டு வாழவேண்டும் என்பதே ஏற்பாடு. அங்கே இலஞ்சத்தையும் வருமானத்தையும் பிரிக்கும் கோடே கிடையாது. 1892 முதல் 1915 வரை உள்துறை அமைச்சராக இருந்த இளவரசர் தம்ரோங்தான் சம்பளம் பெறும் அலுவலரை மாகாணங்களுக்கு அனுப்பி அக்கோட்டைக் கிழித்தார். கோடு கிழித்தவுடன் எல்லோரும் அதற்குள் நின்றுவிடவில்லை, இன்றும் நிற்கவில்லை. ஆனால் அது குணத்தின் வரலாறன்று, சம்பளத்தின் வரலாறு. அரசு அலுவலரைக் குறிக்கும் தாய்மொழிச் சொல் 'கா ராட்சகான்'. பிற்பகுதி நாம் அறிந்த 'இராஜகாரியம்' என்னும் வடசொல்லே. முற்பகுதிக்கு ஏவலன் என்று பொருள். அரசனின் காரியத்துக்கு ஏவலனாக இருப்பவன் மக்களுக்கு ஏவலனாக மாறுவது எளிதன்று. இதைச் சயாமியரே நன்கறிவர்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் தொனி சற்று மாறுகிறது. அமெரிக்கத் தூதரகத்தில் பணியாற்றிய ஜான் எம்பிரீ என்னும் மானிடவியலார் 1950இல் ஒரு கட்டுரை எழுதினார். தாய் சமுதாயம் 'தளர்ந்த கட்டமைப்பு' உடையது என்பது அவர் துணிபு. அதற்கு முன் அவர் ஆராய்ந்தது ஜப்பானியச் சிற்றூர் ஒன்று. ஜப்பானின் கட்டுப்பாட்டோடு ஒப்பிட்டால் எந்த நாடுதான் தளர்ச்சியாகத் தோன்றாது? பழைய சயாமில் ஒவ்வொருவருக்கும் நிலத்தின் அளவைக் கொண்டு ஒரு மதிப்பெண் உண்டு. அடிமைக்கு 5, உழவனுக்கு 25, பேரமைச்சருக்கு 10,000. 'நான்', 'நீ' என்று சொல்வதற்கே எதிரிலிருப்பவரின் படியை அறிய வேண்டிய மொழி அது. அதைத் தளர்ச்சி என்பது, கோவிலைத் திருவிழா நாளில் மட்டும் பார்த்துவிட்டு அங்கே ஒழுங்கில்லை என்று எழுதுவது போலாகும். ஆயினும் அக்கட்டுரை இருபது ஆண்டுக்காலம் அறிஞரை விவாதிக்க வைத்தது என்பதையும் சொல்லவேண்டும்.

கேரல் ஹாலிஞ்சர் என்னும் அமெரிக்க அம்மையார் சூளலங்கரணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர். 'மை பென் ராய்' என்னும் தாய் தொடரைத் தலைப்பில் வைத்து 1965இல் அவர் நூல் வெளிவந்தது. தூதரக வட்டாரத்து நூல்களுள் இதுவே சிறந்தது என்போம். அவர் பெரும்பாலும் தம்மைப் பார்த்தே நகைக்கிறார். ஆனால் மை பென் ராய் என்பதை மேனாட்டார் பலரும் கவலையின்மை என்றே கொள்கின்றனர். தமிழர்க்கு அந்த இடர்ப்பாடு இல்லை. அது நம் 'பரவாயில்லை'. காலை மிதித்தவனிடமும் சொல்வோம், கடனைத் திருப்பாதவனிடமும் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வோம். அதுபோலவே 'கிரெங் சாய்' என்பதை விளக்க ஆங்கில நூல்கள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. 'தாட்சணியம்' என்றால் நம் பாட்டிமாருக்கு விளங்கும். பக்கத்து நாட்டை நாம் ஏன் ஆங்கிலத்தின் வழியாகவே பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது தனியே கேட்கவேண்டிய கேள்வி.

இன்று பாங்காக்கிலும் சியாங்மாயிலும் குடியேறியுள்ள வெளிநாட்டார் எழுதுவதைப் படித்தால் பழைய நகைப்பு குறைந்து முறையீடு மிகுந்திருப்பதைக் காணலாம். 1979ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டப்படி, தற்காலிக அனுமதியில் தொடர்ந்து தங்கும் அந்நியர் 90 நாளுக்கொருமுறை தம் இருப்பிடத்தை அறிவிக்கவேண்டும். அவரைத் தங்கவைக்கும் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும். நகல் எடுத்த ஒவ்வொரு தாளிலும் 'உண்மை நகல்' என்று ஒப்பமிடவேண்டும். இவையெல்லாம் தம்மை அவமதிப்பதற்கென்றே ஏற்பட்டவை என்று பலர் வெகுளுகின்றனர். தாய்லாந்துக் குடிமக்களும் அதே தாள்களில் ஒப்பமிட்டுக்கொண்டு அதே வரிசைகளில் நிற்பதை அவர்கள் கண்டதாகத் தெரியவில்லை. மலைவாழ் மக்கள் உள்ளிட்ட 4,80,000க்கும் மேற்பட்டோர் பல்லாண்டுகளாக நாடற்றவராய் இருந்தனர். அவர்களுக்கு நிலையான குடியுரிமை வழியை விரைவுபடுத்த 2024 அக்டோபரில்தான் அமைச்சரவை இசைந்தது. பக்கத்து மாகாணத்துக்குப் போவதற்கே அனுமதி கேட்டு நின்றவர்கள் அவர்கள். சட்டத்துக்கு உட்பட்டவுடன் துரைமாரின் பார்வை கூர்மையடையும் என்று எதிர்பார்த்தோம். தம் மீது விழும் நிழலை மட்டும் காணும் அளவுக்கே கூர்மை அடைந்திருக்கிறது.

கான்சலும் கப்பலும் இல்லாத அந்நியனின் சயாமைக் காண விரும்புவோர் போட்டான் எழுதிய புதினத்தைப் படிக்கவேண்டும். சீனக் குடியேறி ஒருவரின் மகளான அந்த ஆசிரியை 1969இல் தாய் மொழியில் எழுதியது. ஆங்கிலத்தில் 'தாய்லாந்துக் கடிதங்கள்' என்னும் பெயரில் 1977இல் வந்தது. 1945இல் கப்பலேறி வந்த டான் சுவாங் ஊ என்னும் வணிகன் சீனாவிலிருக்கும் தன் தாய்க்கு எழுதும் கடிதங்களே நூல் முழுதும். அவன் குறைகூறுவதில் எந்தத் துரைக்கும் இளைத்தவனல்லன். தாய் மக்கள் சோம்பேறிகள், அலுவலர் கைநீட்டுவோர் என்று அவனும் எழுதுகிறான். ஆனால் அவன் எழுதுவது அந்நியர் ஆண்டுக் கட்டணம் 20 பாட்டிலிருந்து 400 பாட்டாக 1952இல் ஒரேயடியாக உயர்ந்த நாட்டிலிருந்து; அவன் இனத்தார் அதைக் கட்டியே தீரவேண்டும். அவனுடைய குறைகூறலில் நகைச்சுவை இல்லை, கணக்கு இருக்கிறது. நூலின் போக்கில் அவன் மகள் அவன் இகழ்ந்த தாய் இனத்து இளைஞனையே மணக்கிறாள். கிழவன் ஈற்றில் அவர்கள் வீட்டில்தான் நிம்மதி காண்கிறான். வெளிவந்தபோது சீனரும் கடிந்தனர், தாய் மக்களுள்ளும் சிலர் கடிந்தனர்.

அக்கடிதங்கள் தாயின் கைக்குப் போய்ச் சேரவில்லை. இடையில் மடக்கப்பட்டுக் காவல்துறை அலுவலர் ஒருவரின் கையில் சிக்கியவற்றையே நாம் படிக்கிறோம் என்பது கதையின் அமைப்பு. இருபத்திரண்டு ஆண்டுகள் அவன் எழுதியதையெல்லாம் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் படித்தவர் அந்த நாட்டு அலுவலர்தான்.