மண் கம்பெனியோடது, பை என்னோடது

உரம் வந்த 50 கிலோப் பையைப் போல ஒரு பொருளை மனிதன் இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்று நான் சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நல்லதண்ணியில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வாசலுக்கு வந்து பார்த்துவிட்டுச் சிரிக்கச் சொல்லுங்கள். சலாது, லீக்ஸ், பீட்ரூட், வெங்காயத்தாள், ஒரு பையில் உருளைக்கிழங்கு, கூரைத் தகரத்தில் ஏறிப் படர்ந்துவிட்ட சவுசவு. காசு கொடுத்து வாங்கியது விதை மட்டும்தான். மற்றதெல்லாம் வீட்டில் கிடந்தது, இல்லாவிட்டால் ரோட்டில் கிடந்தது.

எங்கள் ஊர் ரோட்டைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இது புரியும். டிசம்பர் போயாவுக்குத் தொடங்கும் யாத்திரை சீசன், மே மாத வெசாக் வரை ஓயாது. 2,243 மீட்டர் உயரச் சிவனொளிபாதமலைக்கு எங்கள் ஊர் வழியாக நாடே திரண்டு ஏறுகிறது. ஏறும்போது தண்ணீர்ப் போத்தல் உயிர். இறங்கும்போது அதே போத்தல் பாரம். புண்ணியம் அவர்களுக்கு, போத்தல் எனக்கு.

ஒன்றரை லீற்றர் போத்தலைக் குறுக்கே வெட்டுங்கள். மூடியில் சுட்ட ஆணியால் ஓர் ஓட்டை போட்டு, பழைய பருத்திச் சேலைக் கிழிசலைத் திரியாக விடுங்கள். கழுத்துப் பாதியைத் தலைகீழாக அடிப்பாதிக்குள் இறுக்கிச் சொருகினால் மேலே மண், கீழே தண்ணீர். செடி தனக்கு வேண்டியதைத் திரி வழியாகத் தானே உறிஞ்சிக்கொள்ளும். காலையில் கொழுந்தெடுக்க மலைக்குப் போய்ப் பொழுது சாய வீடு திரும்பும் எனக்கு இதைவிட வேறென்ன வேண்டும்! வெயில் பட்டால் தண்ணீரில் பாசி பிடிக்கும் என்பதால், வெறும் பால்மா பக்கெட்டை வெட்டி வெளியே சுற்றிவிடுவேன். இறுக்கிச் சொருகிய போத்தலில் நுளம்பு முட்டையிட வழியில்லை. டெங்கு பார்க்க வரும் பீ.எச்.ஐ. ஐயாவுக்கு நானே முன்னால் போய் எடுத்துக் காட்டுவேன்.

ஆனால் என் உயிர் பையில்தான் இருக்கிறது. அதன் நுட்பம் நடுவில். டின்மீன் டின் ஒன்றை இரண்டு பக்கமும் வெட்டிக் குழாயாக்கி, பையின் நடுவில் நிறுத்தி, உள்ளே கூழாங்கல்லை நிரப்ப வேண்டும். டின்னைச் சுற்றி மண் போட்டு, டின்னை மெல்ல மேலே இழுத்து, மறுபடியும் கல், மறுபடியும் மண். பை நிரம்பும்போது அடியிலிருந்து உச்சி வரை ஒரு கல்தூண் நிற்கும். தண்ணீரை அந்தத் தூணின் தலையில் ஊற்றினால் போதும், அடிவேர் வரை போய்ச் சேரும். டின் அடுத்த பைக்குப் போய்விடும்! பிறகு பையின் பக்கங்களில் கத்தியால் சின்னச் சின்னக் கீறல் போட்டு, ஒவ்வொரு கீறலிலும் ஒரு நாற்று. ஒரு முழ இடத்தில் நிற்கும் பை, கொண்டையைச் சுற்றிப் பூ வைத்த மாதிரி உடம்பெல்லாம் சலாது வைத்துக்கொண்டு நிற்கும். நான் சும்மாவே நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. தேயிலைக்குப் புளிப்பு மண்தான் பிடிக்கும், பி.எச். நாலரை முதல் ஐந்தரை வரை. பீட்ரூட்டுக்கும் லீக்ஸுக்கும் அது ஆகாது, அவை ஆறுக்கு மேல் கேட்கும். அந்த இடைவெளியை அடைப்பது எங்கள் விறகடுப்புச் சாம்பல். புளிப்பையும் குறைக்கும், பொட்டாசும் தரும். அதோடு காய்ந்த மாட்டு எரு, முள்முருங்கை இலை, நாளெல்லாம் குடிக்கும் பிளேன்டீயின் சக்கை. உருளைக்கிழங்குப் பைக்கு மட்டும் சாம்பல் கிடையாது. புளிப்புக் குறைந்தால் கிழங்கின் தோலில் சொறி விழும்.

இதெல்லாம் தொடங்கியது நெருக்கடிக் காலத்தில். 2021-இல் இரசாயன உர இறக்குமதியை அரசாங்கம் ஒரேயடியாக நிறுத்தியது. அந்த ஆண்டு முடிவதற்குள் மனம் மாறினார்கள், ஆனால் அதற்குள் பயிர் படுத்துவிட்டது. 2022-இல் டொலர் இல்லை, எரிபொருள் இல்லை, மரக்கறி விலை எங்கோ போயிற்று. அந்த ஜூனில் அரசாங்க உத்தியோகத்தர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து வீட்டுத்தோட்டம் போடச் சொன்னார்கள். எங்களுக்கு வெள்ளிக்கிழமையும் காலையில் வேலைக்குக் கூடும் பெரட்டு இருந்தது! பெரட்டுக்குப் போய்வந்துதான் நானும் ஆரம்பித்தேன்.

நிலத்திலேயே பாத்தி கட்டலாமே என்று டவுனிலிருந்து வந்த சொந்தக்காரர் கேட்டார். எந்த நிலத்தில்? இருநூறு வருஷமாக நாங்கள் வாழ்வது தோட்டத்துக் காணியில். வீட்டுக்கு 7 பேர்ச்சஸ் காணி தருவோம் என்ற கதையை ஒவ்வொரு தேர்தலுக்கும் கேட்கிறோம். இன்றைக்குப் பாத்தி கட்டிய இடத்தை நாளைக்கு விடச் சொன்னால் விட வேண்டும். பையை அப்படி யாரும் விடச் சொல்ல முடியாது, தூக்கிக்கொண்டு போய்விடுவேன். உள்ளேயிருக்கும் மண்ணும் தோட்டக் கம்பெனியோடதுதானே என்று வம்பு பேசுகிறவர்களுக்கு: அதில் பாதி என் அடுப்புச் சாம்பலும் தேயிலைச் சக்கையும்!

இன்னும் சில கைவித்தைகள். லீக்ஸை நறுக்கும்போது வேர்க்கட்டையை மூன்று விரல் அகலம் விட்டு வெட்டி நட்டுவையுங்கள், நடுவிலிருந்து பச்சையாகக் கிளம்பும். கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டிக் கிழிந்த படங்கு, நாற்றுகளுக்கு மழை மறைப்பு. நத்தைக்கு மருந்தே வேண்டாம். கோவா இலையை ராத்திரி கவிழ்த்து வைத்தால் விடியும்போது எல்லாம் அதன் அடியில் கூடியிருக்கும், வழித்து எடுத்துவிடலாம். ஒன்றை மட்டும் நான் தொடுவதில்லை: புல் மருந்து வந்த கேன். எத்தனை தரம் கழுவினாலும் சாப்பாட்டுச் செடிக்கு அது ஆகாது.

சரி, உருளைக்கிழங்கு. மூட்டையில் கிடந்து முளைவிட்ட கிழங்கை யாரும் எறியாதீர்கள். பையின் வாயைப் பாதிவரை சுருட்டிவிட்டு, ஒரு சாண் மண்ணில் புதைத்து, தண்டு வளர வளரப் பையை விரித்து மண் ஏற்றிக்கொண்டே போக வேண்டும். புதைந்த தண்டிலிருந்துதான் கிழங்கு பிடிக்கும். மூடுபனிக் காலத்தில் இலை கருகும், அதனால் ஜனவரியில் வைத்து ஏப்ரலுக்குள் எடுத்துவிடுவேன். எடுக்க மண்வெட்டி வேண்டாம். படங்கை விரித்துப் பையைக் கவிழ்த்தால் கடகடவென்று வாசலெல்லாம் ஓடும், பிள்ளைகள் பின்னால் ஓடுவார்கள். அன்றைக்கு ராத்திரி ரொட்டியும் கிழங்குப் பிரட்டலும். பக்கத்துக் காம்பராவுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினேன். பிரட்டலில் போட்ட கொச்சிக்காயும் போத்தலில் காய்த்ததுதான் என்று சொல்லியே கொடுக்கச் சொன்னேன்.