தி பிஎச்டி கிரைண்ட்: மூன்றாவது வாசிப்பு

பிலிப் குவோ எழுதிய 'தி பிஎச்டி கிரைண்ட்' நூலைப் பத்து வருடங்களாகக் கண்ணில் படுகிறவர்களுக்கெல்லாம் பரிந்துரைத்து வருகிறேன். கம்ப்யூட்டர் சயன்ஸில் மேல்படிப்புக்குப் போகலாமா என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான்: "முதல்ல இதைப் படிச்சுட்டு வாங்க, அப்புறம் பேசுவோம்." இலவச மின்னூல், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும். போன மாதம் ஆபீஸில் ஒரு ஜூனியர் பெண், அமெரிக்காவில் பிஎச்டி இடம் கிடைத்தவர், நான் சொன்னபடியே படித்துவிட்டு வந்தார். "அண்ணா, இவர் மாதிரி நாலாவது வருஷம் அட்வைசரோட ப்ராஜெக்டை விட்டுட்டு சொந்தமா ஒண்ணு ஆரம்பிக்க முடியுமா?" என்று கேட்டார். "ஏன் முடியாது, பிஎச்டின்னா அதுதானே" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு உறுத்தியது. நாம் என்ன பிஎச்டி பண்ணியா கிழித்தோம், இவ்வளவு உறுதியாகச் சொல்ல? நூலை மூன்றாவது முறையாக எடுத்தேன்.

தெரியாதவர்களுக்காக: குவோ 2006-இல் ஸ்டான்ஃபோர்டில் பிஎச்டி சேர்ந்து 2012-இல் முடித்தார். முடித்த கையோடு அதே வருடம் இந்த நினைவுக்குறிப்பை வெளியிட்டார். வருடத்துக்கு ஓர் அத்தியாயம். முதல் வருடத்துக்குப் பெயர் வீழ்ச்சி. மூன்றாம் வருடத்துக்கு, பழைய நோய் மறுபடி வந்தது என்ற பொருளில் ஒரு தலைப்பு. நான்காம் வருடம் ரீபூட். இந்த வகை நூல்களைப் பெரும்பாலும் ஓய்வு பெறும் வயதில் பேராசிரியர்கள் எழுதுவார்கள், எல்லாக் கஷ்டமும் அதற்குள் இனித்துப் போயிருக்கும். குவோவின் நூலில் காயம் இன்னும் ஆறவில்லை. அதுதான் அதன் பலம்.

'அரைத்த மாவையே அரைப்பது' என்று நம்மூரில் திட்டுவோம் இல்லையா, முதல் வருட அத்தியாயம் அச்சு அசல் அதுதான். அவருடைய அட்வைசர் டாசன் எங்லர். அவர் குழுவில் அப்போது உருவாகிக்கொண்டிருந்த டூலின் பெயர் க்ளீ. ஒரு ப்ரோக்ராமுக்கு நிஜமான இன்புட் கொடுப்பதற்குப் பதிலாக, 'இது எந்த மதிப்பாகவும் இருக்கலாம்' என்று சொல்லி ஓட்டும். ஒவ்வொரு இஃப் வரும்போதும் இரண்டு கிளையிலும் போய்ப் பார்க்கும். எந்தப் பாதையில் ப்ரோக்ராம் உடைகிறதோ, அங்கே கொண்டுபோய் விடக்கூடிய இன்புட்டையும் தானே கணக்குப் போட்டுக் கொடுத்துவிடும். கேட்க மந்திரம் மாதிரி இருக்கிறது. குவோவுக்குக் கிடைத்த வேலை, இதை லினக்ஸ் டிவைஸ் டிரைவர்கள் மேல் ஓட்டி பக் கண்டுபிடிப்பது.

டிரைவர் கோடு தொட்டவர்களுக்கு இங்கேயே வயிறு கலங்கும். டிரைவர் தனியாக ஓடாது. ஒரு பக்கம் கெர்னல் வேண்டும், இன்னொரு பக்கம் ஹார்டுவேர் வேண்டும். இரண்டும் இல்லாத இடத்தில் இரண்டும் இருப்பது போல நடித்துக் காட்டவேண்டும். டூல் ஒரு பக் காட்டும். அது டிரைவரின் பக்கா, நம் நடிப்பின் பக்கா, டூலின் பக்கா என்று உட்கார்ந்து பார்க்கவேண்டும். அடுத்த டிரைவருக்கு வேறு நடிப்பு. ப்ரொடக்‌ஷன் சப்போர்ட்டில் இரவு ஷிஃப்ட் பார்த்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. ஆனால் நமக்கு மாசக் கடைசியில் சம்பளம் வந்துவிடும், ஆராய்ச்சி மாணவனுக்குப் பேப்பர் வந்தால்தான் கணக்கு. அந்த வருட உழைப்புக்குக் கையில் காட்ட ஒரு பேப்பர் இல்லாமல் குவோ க்ளீயை விட்டு விலகுகிறார்.

க்ளீ பேப்பர் 2008-இல் ஓஎஸ்டிஐ மாநாட்டில் வந்தது, சிறந்த பேப்பர் பரிசும் வாங்கியது. சிம்பாலிக் எக்ஸிக்யூஷன் பற்றிப் பேசுகிற யாரும் அதைத் தொடாமல் போகமுடியாது. அதன் முக்கியமான சோதனை டிரைவர்கள் மேல் இல்லை. குனு கோர்யூட்டில்ஸ், அதாவது நாம் தினமும் தட்டுகிற எல்எஸ், சார்ட் வகையறா, 89 ப்ரோக்ராம்கள். 15 வருடங்களுக்கு மேல் யார் கண்ணிலும் படாத பக் மூன்றை அதில் பிடித்தார்கள். ஆசிரியர்கள் மூன்று பேர்: கடார், டன்பார், எங்லர். குவோ பெயர் இல்லை. நான் அந்தப் பேப்பரை இந்த நூலுக்கு முன்பே படித்து வியந்திருக்கிறேன். அதன் அடியில் ஒரு முதல் வருட மாணவனின் ஓராண்டு புதைந்திருப்பது எனக்கு எப்படித் தெரியும்? பேப்பர்களில் அதற்கு இடமே கிடையாது. குவோ இதைப் புலம்பலாகவும் எழுதவில்லை, யாரையும் வில்லனாகவும் ஆக்கவில்லை. வேலை ஒரு திசையில் சரிப்படவில்லை, இன்னொரு திசையில் சரிப்பட்டது, நடுவில் இவர் இருந்தார். அவ்வளவுதான். இதை இத்தனை நிதானமாகச் சொன்ன இன்னொரு நூலை நான் படித்ததில்லை.

எனக்குப் பிடித்த அத்தியாயம் மூன்றாம் வருடம்தான். விட்டு வந்த க்ளீக்கே மறுபடி போகிறார். ஏன்? பட்டம் வாங்க அட்வைசர் கையெழுத்து வேண்டும், அட்வைசரின் மனசு க்ளீயில் இருக்கிறது. அறிவியல் ஆர்வம், புதிய வெளிச்சம் என்றெல்லாம் பூசி மெழுகாமல் அந்தக் கணக்கை அப்படியே எழுதியிருக்கிறார். இரண்டாவது தடவையும் ஓடவில்லை.

திருப்பம் 2009 கோடையில். மைக்ரோசாஃப்ட் ரிசர்ச்சில் இன்டர்ன். விண்டோஸில் பதிவாகும் பக்குகளில் எவை சரிசெய்யப்படுகின்றன, எவை அப்படியே கிடக்கின்றன என்ற ஆய்வு. அதற்காக டேட்டாவை மென்று துப்பும் பைதான் ஸ்க்ரிப்டுகளை எழுதுகிறார். ஒரு வரியை மாற்றினாலும் முழு ஸ்க்ரிப்டும் முதலிலிருந்து ஓடும், காத்திருக்க வேண்டும். அந்த எரிச்சலில் பிறந்ததுதான் இன்க்பை: பைதான் இன்டர்ப்ரெட்டரையே திருத்தி, ஃபங்ஷன்களின் விடைகளைத் தானாக டிஸ்க்கில் சேமித்து வைத்து, மறுமுறை ஓட்டும்போது மாறாத பகுதிகளைத் தாண்டிப் போவது. அடுத்து சிடிஈ. ஒரு ப்ரோக்ராம் ஓடும்போது எந்தெந்த ஃபைலைத் தொடுகிறது என்று பின்னாலேயே போய்க் கவனித்து, அத்தனையையும் ஒரு மூட்டையாகக் கட்டி, வேறொரு லினக்ஸ் மெஷினில் இறக்கி ஓட்டலாம். டாக்கர் வந்தது 2013-இல், சிடிஈ அதற்கு முன்பே. "என் மெஷின்ல ஓடுதே" என்று சொல்லியே காலம் தள்ளுகிற நமக்கு அதன் அருமை தெரியும். இப்படி ஐந்து டூல்களைக் கோர்த்து 2012-இல் ஆய்வேட்டை முடித்தார்.

இங்கேதான் ஜூனியர் கேட்ட கேள்வி. இன்க்பை அட்வைசரின் ப்ராஜெக்ட் இல்லை. அதற்கென்று எங்லரிடம் கிராண்ட் எதுவும் இல்லை. அப்படியென்றால் அந்த வருடங்களுக்கு யார் காசு கொடுத்தது?

பதில் நூலிலேயே இருக்கிறது. குவோவுக்கு இரண்டு ஃபெல்லோஷிப்: ஒன்று என்எஸ்எஃப், இன்னொன்று பாதுகாப்புத் துறையின் என்டிஎஸ்இஜி. கட்டணமும் மாதாமாதம் வரும் பணமும் பெரும்பாலான வருடங்களுக்கு அவற்றிலிருந்தே வந்தன. அந்தப் பணம் மாணவன் பெயரில் வருவது, அட்வைசர் பெயரில் அல்ல. ஆகவே முதல் வருட முடிவில் க்ளீயை விட முடிந்தது. இரண்டாம் வருடம் வேறு பேராசிரியர்களோடு வேலை பார்க்க முடிந்தது. நான்காம் வருடம் தனியாகக் கடை விரிக்க முடிந்தது. முந்தைய இரண்டு வாசிப்பிலும் இந்த வரிகளை நான் வேகமாகத் தாண்டிப் போயிருக்கிறேன். நன்றியுரை மாதிரி என்று நினைத்திருப்பேன் போல.

இப்போது நம் கதைக்கு வருவோம். என்டிஎஸ்இஜி அமெரிக்கக் குடிமக்களுக்கானது. என்எஸ்எஃப் அதோடு கிரீன் கார்டுக்காரர்களையும் சேர்த்துக்கொள்ளும். இங்கிருந்து எஃப்-1 விசாவில் போகிறவர் இரண்டுக்கும் விண்ணப்பமே போடமுடியாது. அவருக்கு வருவது பெரும்பாலும் ஆர்ஏ, அதாவது அட்வைசரின் கிராண்டிலிருந்து வரும் பணம். அந்த கிராண்டுக்கு ஒரு தலைப்பு இருக்கும், முடிவுத் தேதி இருக்கும், வருடாவருடம் ரிப்போர்ட் போகும். அந்தத் தலைப்பு க்ளீ என்றால் நீங்களும் க்ளீதான். டிஏ வேலை பார்த்து அட்வைசரின் பணத்திலிருந்து கொஞ்சம் விலகி நிற்கலாம், ஆனால் அது வாரத்துக்கு 20 மணி நேரம் வரை தின்னும். எல்லாம் வேண்டாம் என்று ஒரு வருடம் விலகி யோசிக்கலாமா? படிப்பில் இல்லாவிட்டால் விசா நிலையும் போய்விடும்.

இதற்காக குவோவைக் குற்றம் சொல்ல முடியாது, அவர் எதையும் மறைக்கவில்லை. என் விமர்சனம் பின்னுரை மேல். ஆறு வருடங்களை அவ்வளவு நேர்மையாகச் சொன்னவர், கடைசியில் அவற்றை 20 பாடங்களாகச் சுருக்கித் தருகிறார். மோசமான டீஃபால்ட்டை ஏற்காதே, அதிர்ஷ்டம் வர வாய்ப்பு உண்டாக்கு, எப்போது விலகவேண்டும் என்று தெரிந்துகொள், செய்ததை விற்கக் கற்றுக்கொள் என்ற ரீதியில். ஒன்றும் தவறான அறிவுரை இல்லை. ஆனால் 20-இல் பணத்துக்கென்று ஒரு பாடம் கிடையாது. அத்தியாயங்கள் காட்டுகிற உலகத்தில் டீஃபால்ட்டை மறுக்க ஒரு விலை இருக்கிறது, அதை வேறு யாரோ முன்கூட்டியே கட்டியிருக்கிறார்கள். பின்னுரையின் உலகத்தில் அது மனவுறுதி சார்ந்த விஷயமாகிவிடுகிறது. நூலைப் பரிந்துரைக்கிற என்னைப் போன்றவர்கள் அத்தியாயங்களை மறந்துவிட்டுப் பின்னுரையைத்தான் வாயில் வைத்துக்கொண்டு திரிகிறோம். ஜூனியரிடம் நான் சொன்னதும் பின்னுரைதான்.

இன்னொரு குறை, சின்னதுதான். முடித்த கையோடு எழுதியதால் காயம் பச்சையாக இருக்கிறது, சரி. ஆனால் எது பலித்தது என்று தெரியும் முன்பே கணக்கை முடித்துவிட்டார். பேராசிரியர் வேலை வேண்டாம் என்ற மனநிலையில் நூல் முடிகிறது. ஆள் பிற்பாடு பேராசிரியர் ஆகிவிட்டார், இப்போது சான் டியாகோவில். இன்று பைதான் படிக்கிற பிள்ளைகளுக்கு அவரைத் தெரிவது பைதான் ட்யூட்டர் மூலமாக. அது 2010-இல் பக்கவாட்டில் தொடங்கிய வேலை, ஆய்வேட்டின் ஐந்து டூல்களில் அது இல்லை.

பரிந்துரைப்பதை நான் நிறுத்தப் போவதில்லை. பிடிஎஃபில் பணம் பற்றி வருகிற எல்லா இடத்தையும் மஞ்சளில் குறித்தேன். ஒவ்வொரு அத்தியாயத்தின் தொடக்கத்திலும் 'இந்த வருடம் யார் காசு?' என்று எழுதி, ஜூனியருக்கு அனுப்பினேன், "அன்னைக்கு அவசரப்பட்டு சொல்லிட்டேன்" என்ற மன்னிப்போடு. மறுநாள் அவர் தன் அட்மிஷன் லெட்டரை எடுத்துக்கொண்டு என் சீட்டுக்கு வந்தார். நாங்கள் இரண்டு பேருமே அதுவரை சரியாகப் படிக்காத ஒரு பத்தி அதில் இருந்தது. முதல் வருடம் துறையின் பணம், இரண்டாம் வருடத்திலிருந்து ஆர்ஏ. அதாவது ஆளைப் பார்த்து, வேலையைப் பார்த்து, அட்வைசரைத் தேர்ந்தெடுக்க ஒன்பது மாதம். "அப்போ முதல் வருஷம்தான் என் ஃபெல்லோஷிப்" என்றார்.

அன்றே இரண்டு பேராசிரியர்களுக்கு மெயில் போட்டார்: உங்கள் குழுவில் சேர்ந்தால் எந்த கிராண்டில் இருப்பேன், அது எப்போது முடிகிறது? எனக்கு உள்ளூர பயம், இப்படியெல்லாம் கேட்கலாமா என்று. ஒருவர் பதில் போட்டுவிட்டார். கிராண்ட் இன்னும் இரண்டு வருடம்தானாம், புதுசுக்கு எழுதிக்கொண்டிருக்கிறாராம். அதற்குப் பிறகு நான்கு பத்திகள், புது கிராண்டில் என்ன செய்ய நினைக்கிறார் என்று.